ராஜா சர் அண்ணாமலை செட்டியார் வைத்த கட்டளை



ஜூன் மாதம் சேசுவின் திரு இருதயத்துக்கு ஒப்புக்கொடுக்கப்பட்ட மாதம் என்பது நீங்கள் யாவரும் அறிந்ததே. ஆயினும் நம் ஊர் வீடுகளில் இம்மாதத்துக்கு வேறொரு முகமும் உண்டு. பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய பிள்ளையை எங்கே சேர்ப்பது, கட்டணம் எவ்வளவு, யாரிடம் கைமாற்று வாங்குவது, எந்த நகையை அடகுக்கடைக்குக் கொண்டுபோவது என்ற கவலையே பல வீடுகளில் இராச் சாப்பாட்டு வேளைப் பேச்சாயிருக்கிறது. தண்டையார்பேட்டை முதல் எண்ணூர் வரை சுவரெல்லாம் தனியார் பல்கலைக்கழக விளம்பரங்கள். ஆகையால் வழக்கமாக ஓர் அர்ச்சியசிஷ்டவரின் சரித்திரம் வரும் இப்பக்கத்தில், இவ்வாரம் நம் மதத்தைச் சேராத ஒரு வர்த்தகரின் சரித்திரத்தைச் சொல்லப் புகுகிறேன். அவர் காலமானதும் இதே ஜூன் மாதத்தில்தான். 1948ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள்.

ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் பெயர் உங்களுக்குப் புதிதன்று. பாரிமுனைக்குப் பேருந்தில் போகிறவர்கள் எஸ்பிளனேடில் ராஜா அண்ணாமலை மன்றத்தைக் கண்டிருப்பீர்கள். அடையாற்றுப் பக்கம் ராஜா அண்ணாமலைபுரம் இருக்கிறது. நம் பிள்ளைகள் கிரிக்கெட் பார்க்க ஓடும் சேப்பாக்கம் மைதானம் இவருடைய மகன் எம்.ஏ. சிதம்பரத்தின் பெயரைத் தாங்கியது. மூத்த மகன் முத்தையா செட்டியார் 1933இல் சென்னை நகரின் மேயரானவர். இவ்வளவு பெயரும் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பணத்திலிருந்து என்பார்கள். பாதி உண்மை. பணம் படைத்த செட்டிமார் அக்காலத்தில் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். பெயர் நின்றது சிலருக்கே.

நம் திருவொற்றியூர்க் கடற்கரையில் பட்டினத்தார் சமாதி இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகரான அவர், சேர்த்த செல்வமெல்லாம் வீண் என்று கண்டு, உடுத்த துணியோடு வெளியேறி இக்கரையில் வந்து முடிந்தார் என்பது ஊரார் நம்பும் வரலாறு. செல்வத்தை விட்டு விலகுவது ஒரு வழி. நம் சந்நியாச சபைகளின் வழியும் அதுவே. செல்வத்தைக் கையில் வைத்துக்கொண்டே அதைத் தனக்குப் பின்னும் பயன்படும்படி ஏற்பாடு செய்வது இன்னொரு வழி, அது லேசானதன்று. அண்ணாமலை செட்டியார் சென்றது அவ்வழியே.

அவர் 1881ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில், முத்தையா செட்டியாரின் கடைசிப் புதல்வராகப் பிறந்தார். நகரத்தார் குடும்பங்களின் தொழில் அந்நாளில் பர்மா, இலங்கை, மலாயா என்று கடல் கடந்து விரிந்திருந்தது. கடன் கொடுப்பதும் வட்டி வாங்குவதுமே அதன் உயிர்நாடி. 1906இல் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி முறிந்து ஆயிரக்கணக்கானோர் சேமிப்பை இழந்தபோது, நம்மவருக்கென்று ஒரு வங்கி வேண்டும் என்று 1907இல் இந்தியன் வங்கியைத் தொடங்கினவர்களில் இவர் தமையனார் இராமசாமி செட்டியாரும் ஒருவர். அண்ணாமலை செட்டியார் சென்னைச் சட்டசபையிலும் பின்னர் டில்லி ராஜாங்க சபையிலும் அங்கம் வகித்தார். 1923இல் சர் பட்டமும், 1929இல் பரம்பரையாக வரும் ராஜா பட்டமும் ஆங்கில அரசாங்கத்தாரால் கிடைத்தன. தேசிய இயக்கத்தார் பலருக்கு இவர்மேல் பிரியமில்லை. பட்டத்துக்காகவே கொடை கொடுத்தார் என்றவர்களும் உண்டு. ஒருவன் எந்த எண்ணத்தோடு கொடுக்கிறான் என்பதைச் சர்வேசுரன் ஒருவரே அறிவார். கொடுத்தது என்னவாயிற்று என்பதை நாம் பார்க்கலாம்.

வட்டித் தொழிலைப் பற்றித் திருச்சபை நெடுங்காலம் கண்டிப்பாய்ப் போதித்தது என்பதை நான் மறைக்க வேண்டியதில்லை. 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்து, பர்மியக் குடியானவர் கடனைத் திருப்பமுடியாமற்போக, கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் ஜில்லாக்களில் விளைநிலத்தின் ஏறக்குறைய காற்பங்கு செட்டிமார் கைக்கு வந்துவிட்டது. அந்நிலத்தை இழந்தவர்களும் பிள்ளை குட்டிக்காரர்களே. ஆனால் அதே நகரத்தாரிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. இலாபத்தில் ஒரு பங்கை மகமை என்று முதலிலேயே ஒதுக்கிவிடுவார்கள். அது கோயில் திருப்பணிக்கும் சத்திரத்துக்கும் வேதபாடசாலைக்கும் போகும். ஒரு தர்மம் என்றென்றும் நடக்கும்படி ஒரு தொகையை அல்லது நிலத்தை எழுதிவைத்து, முதலைத் தொடாமல் வருமானத்தைக் கொண்டே நடத்துவதற்குக் கட்டளை வைத்தல் என்று பெயர். நம் பெரியோர் உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்காக நித்திய பூசைக்கென்று கோயிலில் ஒரு முதல் வைத்தார்களே, அதுவும் இதே ஏற்பாடுதான்.

அண்ணாமலை செட்டியார் செய்த புதுமை என்னவெனில், கோயிலுக்கு வைக்கும் கட்டளையைக் கல்விக்கு வைத்தார். 1920இல் சிதம்பரத்தில் ஸ்ரீ மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். அதை அடுத்துத் தமிழுக்கென்று ஒரு கல்லூரி, வடமொழிக்கென்று ஒன்று, ஆசிரியர் பயிற்சிக்கும் இசைக்கும் தனித்தனியே என்று வளர்ந்தன. தமிழ்க் கல்லூரியின் தலைவராக 1924 முதல் சில ஆண்டுகள் இருந்தவர் மகாமகோபாத்தியாய உ.வே. சாமிநாதையர்.

இங்கே சற்று நின்று ஒரு விஷயத்தை விளக்கவேண்டும். கல்லூரி வேறு, சர்வகலாசாலை வேறு. நாம் இன்று பல்கலைக்கழகம் என்பதைத்தான் அக்காலத்தார் சர்வகலாசாலை என்றார்கள். 1857இல் நிறுவப்பட்ட சென்னைச் சர்வகலாசாலை, லண்டன் மாதிரியைப் பின்பற்றி, பெரும்பாலும் பரீட்சை நடத்திப் பட்டம் கொடுக்கும் ஸ்தாபனமாகவே தொடங்கிற்று. பாடம் சொல்லுவது ஊருக்கு ஊர் இருந்த கல்லூரிகள். பாடத்திட்டத்தை வகுப்பதும் கேள்வித்தாள் தயாரிப்பதும் சென்னையில். சேசுசபைக் குரு பெர்ட்ராம் சுவாமியார் 1925இல் நுங்கம்பாக்கத்தில் தொடங்கிய லயோலா கல்லூரி எவ்வளவு சிறப்பாய் நடந்தபோதிலும், 1978இல் தன்னாட்சி கிடைக்கும்வரை பிறர் வகுத்த பாடத்தையே சொல்லவேண்டியிருந்தது. ஒரு மாணவனை மூன்றாண்டு பக்கத்திலிருந்து கவனித்த ஆசிரியருக்கு, அவன் என்ன படிக்கவேண்டும் என்பதில் தனியே முடிவு செய்ய அதிகாரமில்லை.

இதற்கு மாறானது பழைய முறை. அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் போதித்த பாரிஸ் நகரச் சர்வகலாசாலையில் குருவும் சீடரும் ஒரே நகரில் கூடி வாழ்ந்தார்கள். கற்பிப்பவரே பாடத்தையும் நிர்ணயித்தார்கள். போதிக்கும் உத்தரவை மட்டும் நோத்ர்தாம் பேராலயத்துச் சான்ஸலர் கொடுத்தார். இன்று வேந்தர் என்று நாம் சொல்லும் பதவியின் பூர்வீகம் அதுவே. செட்டியார் சிதம்பரத்தில் விரும்பியது இத்தகைய ஒன்றை: எங்கும் இணைப்புக் கல்லூரி இல்லாமல், ஒரே இடத்தில் தங்கிப் படித்து, அங்கேயே பரீட்சை எழுதி, அங்கேயே பட்டம் பெறும் சர்வகலாசாலை.

அதற்காகத் தாம் நிறுவிய கல்லூரிகள் யாவற்றையும் ஒப்படைத்ததோடு, 20 லட்சம் ரூபாயும் கொடுத்தார். இத்தொகை இன்று உங்களுக்குப் பெரிதாய்த் தோன்றாது. நடுத்தரமான ஒரு பொறியியல் படிப்புக்கே அந்த அளவு ஆகிவிடுகிறதே என்பீர்கள். 1927ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி ஒரு பொற்பவுனுக்கு 13 ரூபாய்ச் சொச்சந்தான் மதிப்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பவுன். அரசாங்கமும் தன் பங்குக்கு நிதி உதவியது. 1928ஆம் ஆண்டு அண்ணாமலைச் சர்வகலாசாலைச் சட்டம் நிறைவேறி, 1929இல் சிதம்பரம் ரயிலடிக்குக் கிழக்கே திருவேட்களத்தில் சர்வகலாசாலை உதயமாயிற்று. அவ்விடம் அண்ணாமலைநகர் என்று பெயர் பெற்றது.

அச்சட்டம் வகுத்த அமைப்பை நம் பங்கோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். உச்சியில் வேந்தர், மாகாணக் கவர்னரே வேந்தர். நாள்தோறும் இருந்து நடத்துபவர் அவரல்லர், துணைவேந்தர். மேற்றிராணியார் ஓரிடத்தில் இருக்க, பங்கில் விசாரணைக் குரு இருந்து நடத்துவது போல. செனெட் எனும் பேரவை பெரியது. பல தரப்பாரும் அமர்ந்து வரவு செலவையும் விதிகளையும் பார்ப்பது. சிண்டிகேட் எனும் ஆட்சிக்குழு சிறியது. நியமனம், கட்டடம், பணம் ஆகிய அன்றாட நிர்வாகம் அதன் கையில். மூன்றாவது கல்விக் குழு. என்ன பாடம், எத்தனை ஆண்டு, எப்படிப் பரீட்சை என்பவற்றை ஆராய்வது இதுவே. இதில் ஆசிரியர்களின் குரலுக்கு முதலிடம். பணம் கொடுத்தவர் நேரே வகுப்பறைக்குள் வந்து இதைச் சொல்லிக்கொடு, அதை விடு என்று சொல்ல முடியாதபடி இவ்வமைப்பு இடையில் நின்றது. ஒரு வங்கிக்காரர் தாமே முன்னின்று இவ்வேலியைப் போட ஒப்பினார் என்பதை நான் பெரிதாய் மதிக்கிறேன். பங்கில் ஒரு மின்விசிறி வாங்கிக் கொடுத்தாலே அதன் இறக்கையில் பெயரெழுதி, அது எப்பக்கம் காற்று வீசவேண்டும் என்றும் சொல்ல விரும்புகிறவர்கள் நாம்.

ஆனால் ஒன்றை அவர் கைவிடவில்லை. ஸ்தாபகர் என்ற முறையில் இணைவேந்தர் பதவி அவருக்கும் அவருக்குப்பின் அவர் வாரிசுக்கும் உரியது. துணைவேந்தர் பதவிக்கு மூவர் பெயரை ஸ்தாபகர் அனுப்ப, அவர்களில் ஒருவரை வேந்தர் நியமிப்பார். எனவே யார் நடத்துவது என்பதில் குடும்பத்தின் கை இருந்தது.

அவர் உயிரோடிருந்தவரை அந்த அதிகாரத்தை எப்படிப் பயன்படுத்தினார் என்று பாருங்கள். அவர் திருநீறு அணிந்த சைவர். சர்வகலாசாலை இருப்பது தில்லை நடராசர் சந்நிதிக்கு அருகில். முதல் துணைவேந்தராய் 1929இல் வந்தவரோ சாமுவேல் எபனேசர் ரங்கநாதன் என்ற கிறிஸ்தவர். 1935இல் வந்தவர் ஆங்கிலப் பேச்சுக்கு உலகப் புகழ் பெற்ற ஸ்ரீநிவாச சாஸ்திரியார். 1942 முதல் 1948 வரை, யுத்தமும் பஞ்சமும் சுதந்திரக் கொந்தளிப்பும் சேர்ந்திருந்த ஆறு வருஷங்கள் துணைவேந்தராயிருந்தவர் மரியதாஸ் இரத்தினசாமி. பெயரைக் கேட்டதும் நீங்கள் ஊகித்திருப்பீர்கள். அவர் நம்மவர், பக்தியுள்ள கத்தோலிக்கர். கேம்பிரிட்ஜில் படித்துப் பச்சையப்பன் கல்லூரிக்கும் சட்டக் கல்லூரிக்கும் தலைவராயிருந்தவர். அவர் காலத்தில், 1945இல், அங்கே பொறியியல் படிப்பு தொடங்கிற்று. இவ்விருவரை நியமித்ததற்காகச் செட்டியாரின் சைவத்துக்கு யாதொரு குறைவும் வந்துவிடவில்லை.

அதே 1945இல் அண்ணாமலைநகர் வகுப்பறையில் மற்ற இளைஞர்களோடு மாணவராய் வந்து அமர்ந்தார் ஒரு கத்தோலிக்கக் குரு. யாழ்ப்பாணத்தில் பிறந்து, ரோமையில் படித்து, 1938இல் குருப்பட்டம் பெற்று, தூத்துக்குடி மேற்றிராசனத்தில் சேர்ந்து, வடக்கன்குளம் பள்ளியில் போதித்துக்கொண்டிருந்த சங். சேவியர் தனிநாயகம் சுவாமியார் அவர். ஐரோப்பிய மொழிகள் பல அறிந்தும், தம் தாய்மொழி இலக்கியத்தை முறையாய்க் கற்கவில்லையே என்ற குறை அவரை வாட்டிற்று. முப்பது வயதைக் கடந்த பிறகு தமிழில் எம்.ஏ. படித்து, சங்கப் பாடல்களில் இயற்கை என்ற பொருளை ஆராய்ந்து எம்.லிட். பட்டமும் பெற்றார். பிற்காலத்தில் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் 1964இல் அமைவதற்கும், 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடுவதற்கும் முன்நின்றவர் இவரே. சைவ வணிகர் ஒருவரின் பணம், கத்தோலிக்கத் துணைவேந்தர் ஒருவரின் நிர்வாகம், குருவானவர் ஒருவரின் படிப்பு: மூன்றும் சந்தித்த இடம் அது. முன்னதாக 1931இல் அங்கே முதல் தமிழ்ப் பேராசிரியராய் வந்தவரும் ஒரு துறவியே. இலங்கை ராமகிருஷ்ண மடத்து விபுலானந்த அடிகள்.

தமிழ் இசைக்காகச் செட்டியார் செய்ததைத் தனியே ஒரு வாரம் எழுதலாம். தமிழ்நாட்டுக் கச்சேரி மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் கிடைக்கவில்லையே என்று மனம் வருந்தி, 1941இல் அண்ணாமலைநகரில் தமிழ் இசை மாநாடு கூட்டினார். வித்துவான்கள் சிலரின் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றிற்று. எஸ்பிளனேடு மன்றம் அச்சங்கத்தின் இல்லம்.

நிற்க. அவர் தமக்கென்று வைத்திருந்த பெருஞ்செல்வம் என்னவாயிற்று? 1942இல் ஜப்பானியர் பர்மாவில் நுழைந்தபோது செட்டிமார் கடைகளை அப்படியே விட்டுக் கால்நடையாய்த் திரும்பியவர் பலர். சுதந்திர பர்மா 1948இல் நிலங்களை தேசியமயமாக்கும் சட்டம் இயற்றிற்று. மூன்று தலைமுறையாய்ச் சேர்த்த நிலமும் கடன் பத்திரமும் நகரத்தாருக்குக் காகிதமாயின. பிற்காலத்தில் அகதிகளாய் வந்த நம் ஜனங்கள் கடை வைத்த இடமே பாரிமுனைக்கு அருகிலுள்ள பர்மா பஜார். ரங்கூனில் இருந்த பணம் போயிற்று. சிதம்பரத்தில் கொடுத்த பணம் நின்றது.

ஆயினும் அக்கட்டளைக்கும் சோதனை வந்தது. நித்திய பூசைக்கென்று ஐம்பது ஆண்டுக்கு முன் ஐந்நூறு ரூபாய் வைத்த குடும்பத்தார், இன்று அதன் வட்டி ஒரு மெழுகுவர்த்திக்கும் காணாது என்பதை அறிவார்கள். ரூபாயின் மதிப்பு விழ விழ, 1929இன் 20 லட்சம் சம்பளத்துக்கே போதாமற்போயிற்று. சர்வகலாசாலை அரசின் மானியத்தையும் மாணவர் கட்டணத்தையும் நம்பத் தொடங்கிற்று. 1979இல் தொடங்கிய தொலைதூரக் கல்வி ஒரு புது வருவாயைத் தந்தது. எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் ஆலைகளில் ஷிப்ட் முடிந்துவந்து, தபாலில் வந்த பாடப் புத்தகத்தை இரவில் படித்து, அண்ணாமலைப் பட்டம் வாங்கிய தந்தையர் நம் பகுதியில் சிலரல்லர். ஆனால் வருவாய் பெருகியபோது ஆள் சேர்ப்பும் தேவைக்குமேல் பெருகிற்று. 2012 இறுதியில் சம்பளம் கொடுக்கவே திணறும் நிலை வந்து ஊழியர் போராட்டம் மூண்டது. தமிழ்நாடு அரசு 2013இல் ஒரு நிர்வாக அதிகாரியை நியமித்து, அதே ஆண்டு புதுச் சட்டம் இயற்றி, சர்வகலாசாலையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. ஸ்தாபகர் குடும்பத்துக்கிருந்த இணைவேந்தர் உரிமை 84 ஆண்டுகளுக்குப்பின் அத்தோடு முடிந்தது.

என் அபிப்பிராயத்தில், செட்டியார் முழுதாய்க் கொடுத்துவிட்டதே நிலைத்தது. வாரிசுக்கென்று பிடித்து வைத்ததே முறிந்தது. பேரவையும் கல்விக் குழுவும் வகுப்பறையும் இன்றும் நடக்கின்றன. ஆளும் உரிமை ஒரே வீட்டில் தலைமுறை தலைமுறையாய்த் தங்கினால், முதல் மனிதரின் விவேகம் மூன்றாம் தலைமுறைக்கும் கூடவே வரும் என்பதற்கு உறுதியில்லை. நம் கோயில் தர்மகர்த்தா வழக்குகளைக் கண்டவர்களுக்கு இது தெரியாததன்று.

பிள்ளையைத் தனியார் பல்கலைக்கழகத்தில் சேர்க்க எண்ணும் பெற்றோரே, கட்டடத்தின் உயரத்தையும் குளிர்சாதன வகுப்பறையையும் பார்த்து மயங்காதீர்கள். 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி பட்டம் வழங்கும் அதிகாரம், சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகத்துக்கும், நிகர்நிலை அந்தஸ்துப் பெற்றதற்கும், பார்லிமெண்டு தனியே அதிகாரம் கொடுத்ததற்கும் மாத்திரமே உண்டு. நீங்கள் பார்க்கும் ஸ்தாபனம் இம்மூன்றில் எது என்று கேளுங்கள். நம் நாட்டில் கல்வி ஸ்தாபனம் இலாபத்துக்காக நடத்தப்படலாகாது. ஸ்தாபனத்தின் வளர்ச்சிக்கென நியாயமான உபரி மட்டுமே வைக்கலாம் என்று 2002இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே ரசீது இல்லாமல் கேட்கும் எந்தத் தொகையும் முறையற்றதே. பாடத்தை வகுக்கும் குழுவில் ஆசிரியர்கள் இருக்கிறார்களா, அல்லது ஒரே குடும்பத்தார் கையொப்பந்தானா என்றும் விசாரியுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். அடகுக்குப் போவது உங்கள் நகை.

விண்ணப்பப் பத்திரம் நிரப்புவதிலும், ஒரு கல்லூரிக்கு அங்கீகாரம் உண்டா என்று பார்ப்பதிலும் சந்தேகமுள்ளவர்கள் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் பங்கு அலுவலகத்துக்கு வரலாம். மதிப்பெண் பட்டியலையும் சாதிச் சான்றிதழையும் மறவாமல் கொண்டுவரவும். பிள்ளையையும் உடன் அழைத்துவரவும்.